கலக உடையும் தைத்த கையும்

ஆடை மானத்தைக் காப்பது என்பர். அது பாதி உண்மை. மானம் இன்னாருக்கு உரியது, இன்னாருக்கு உரியதன்று என்று வகுத்துவைத்த சமுதாயங்களில் அவ்வகுப்பைக் காத்து நின்ற வேலியும் ஆடையே. இதனை விளக்க யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு அயலகச் சான்றுகள் வேண்டுவதில்லை. தோளிற் சால்வை இடலாகாது. வேட்டி முழங்காலுக்குக் கீழ் இறங்கலாகாது. பெண்கள் மார்பை மறைத்துச் சட்டை அணியலாகாது. காதிலும் கழுத்திலும் பொன் துலங்கலாகாது. ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்ட இத்தகைய தடைகள் இருபதாம் நூற்றாண்டிலும் இக்குடாநாட்டில் உயிரோடு இருந்தன. அவற்றை மீறியவர்கள் அடிபட்டனர். அவர்தம் குடிசைகள் எரிந்தன. முதன்முதலாகச் சட்டை அணிந்து ஒழுங்கையில் இறங்கி நடந்த பெண்ணின் பெயரை வரலாறு எழுதிவைக்கவில்லை. ஆயினும் ஆடையாற் செய்யப்பட்ட கலகங்களுள் அவளுடையதே தலையாயது என்பது நம் கருத்து.

அக்கருத்தை அளவுகோலாகக் கொண்டு, உலகம் கொண்டாடும் உடைக் கலகக்காரர் ஒருவரை இங்கே மதிப்பிட முற்படுகின்றோம். அவர் நம் மண்ணில் வளர்ந்தவர். 'எம்.ஐ.ஏ.' என்னும் புனைபெயரால் அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம். பலரும் அவரைப் பாடகராகவே அறிவர். ஆனால் அவரிடத்து ஓவியமும் உடையும் இசையும் ஒரே வேரிற் கிளைத்தவை. அவ்வேரைக் காண வேண்டுமாயின் 1970களின் இலண்டன் நகருக்கும், அங்கே ஆடையை ஆயுதமாக்கிய இன்னொரு பெண்மணியிடத்தும் முதலிற் செல்ல வேண்டும்.

1

இங்கிலாந்தின் டாபிசயர் பகுதியில் 1941 ஏப்ரல் 8ஆம் நாள் பிறந்தவர் விவியன் வெஸ்ற்வூட். தாயார் பஞ்சாலையில் நெசவு செய்தவர். மகள் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை ஆனார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்செய்தி ஒரு சிறு மகிழ்ச்சியைத் தருவதை மறைப்பானேன்! 1971இல் அவரும் மல்கம் மக்லாறன் என்பவரும் இலண்டன் கிங்ஸ் வீதியின் 430ஆம் இலக்கத்தில் ஒரு துணிக்கடையை நடத்தத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயரை மாற்றிக்கொண்ட அக்கடை, 'பங்க்' என்னும் இயக்கத்தின் உலைக்களமாயிற்று.

'பங்க்' என்பது உதவாக்கரை, காவாலி என்னும் பொருள்பட வழங்கிய வசைச்சொல். வசையையே கொடியாக உயர்த்திப் பிடித்த இளைஞர் கூட்டம் ஒன்று அன்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை, 1976இல் பிரித்தானிய அரசே சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. அத்தகைய நிலை எத்தகையது என்பதை 2022இன் பின் நாமும் அறிவோம். வெஸ்ற்வூட் அவ்விளைஞர்க்குக் கந்தலை உடுத்தினார். கிழிந்த சட்டை, சங்கிலி, நாயின் கழுத்துவார், காதிலும் கன்னத்திலும் குத்திய கட்டூசி. நம் பெண்கள் சேலைக் கொய்யகத்தைக் குத்துவதற்குப் பயன்படுத்தும் அதே கட்டூசிதான். இங்கே அது ஒழுங்கைக் காக்கிறது. அங்கே அது ஒழுங்கைக் குத்திக் கிழித்தது. 1977இல் எலிசபெத் அரசியின் ஆட்சி வெள்ளிவிழாவை நாடே கொண்டாடிய வேளையில், அரசியின் முகத்தைக் கேலிசெய்யும் சட்டைகள் அக்கடையில் விற்பனையாயின.

வறுமை வெட்கத்துக்குரியது என்று போதிக்கும் சமுதாயத்தின் முகத்தில், வறுமையின் அடையாளங்களையே அணிகலனாக்கி வீசியது இவ்வியக்கத்தின் சிறப்பு. இதனை மறுப்பதற்கில்லை. எனினும் சந்தை என்பது யானையையும் விழுங்கிச் செரிக்கும் வயிறுடையது. கிழியாத சட்டையை விடக் கிழித்த சட்டைக்கு விலை கூடிற்று. வேலையற்றோரின் கந்தல் வேலையுள்ளோரின் வாரவிடுமுறைக் கோலமாயிற்று. 1992இல் அதே அரசியின் கையால் வெஸ்ற்வூட் விருது பெற்றார். அரண்மனைக்கு உள்ளாடையின்றிச் சென்று, வெளியே படம்பிடிப்போர் முன் பாவாடை சுழலச் சுற்றிக் காட்டினார். அரண்மனை அதனாற் சிறிதும் அசையவில்லை. 2006இல் இன்னும் உயர்ந்த பட்டம் ஒன்றையும் வழங்கிற்று. கலகக்காரரைச் சிறையிடுவது ஒரு முறை. பட்டம் சூட்டுவது இன்னொரு முறை. இரண்டாவது முறைக்குச் செலவு குறைவு.

இவ்வாறு கூறுவதால் அவரை வெறும் வேடதாரி என்று ஒதுக்குதல் நேர்மையாகாது. முதுமையிலும் அவர் வாளாவிருக்கவில்லை. 2015இல், நிலத்தடிப் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறையை எதிர்த்து, பிரதமர் கமரோனின் வீட்டுக்குக் கவசவாகனம் ஒன்றில் ஏறிச் சென்றார். 2020இல், சிறையிலிருந்த யூலியன் அசாஞ்சுக்காக மஞ்சள் உடையில் பெருங்கூண்டினுள் அமர்ந்து நீதிமன்றத்தின் முன் தொங்கினார். குறைவாக வாங்குங்கள் என்று மக்களை வேண்டினார். ஆயின் அவர் பெயர் தாங்கிய நிறுவனம் மேலும் மேலும் விற்றுக்கொண்டேயிருந்தது. 2022 திசெம்பர் 29ஆம் நாள் மறையும்வரை அவர் இம்முரண்பாட்டினுள்ளேயே வாழ்ந்தார்.

2

மாதங்கி இம்மரபின் வழித்தோன்றல். அதேவேளை அதற்குப் புறத்தே இருந்து வந்தவர். 1975 யூலை 18ஆம் நாள் இலண்டனிற் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தார். தந்தையார் ஈரோஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். வீட்டில் இருந்ததைவிட இல்லாதிருந்த காலமே அதிகம். போர் முற்றிய 1986இல் தாயாரும் பிள்ளைகளும் அகதிகளாக இலண்டன் சென்று சேர்ந்தனர். அங்கே, மிச்சம் பகுதியின் அரச குடியிருப்புத் தொடரொன்றில் வாழ்ந்து, பின்னர் சென்ற் மாட்டின்ஸ் கலைக்கல்லூரியில் ஓவியமும் திரைப்படமும் பயின்றார். 2001இல் அவர் காட்சிக்கு வைத்த ஓவியங்களில் பனைகளும் புலிகளும் தாங்கிகளும் அச்சுத்தகட்டின் மேல் வர்ணம் விசிறிய சுவரெழுத்துப் பாணியிற் காணப்பட்டன. 2005இல் வெளிவந்த முதல் இசைத்தொகுதிக்குத் தந்தையின் பெயரையும், 2007இன் இரண்டாவதற்குத் தாயின் பெயரையும் இட்டார். இரண்டாவது தொகுதியிலுள்ள அவருடைய புகழ்பெற்ற பாடல், 'த கிளாஷ்' என்னும் பங்க் குழுவினர் 1982இற் செய்த இசைத்துண்டொன்றின் மீதே எழுப்பப்பட்டது. வேர் ஒன்றென்று நாம் கூறியது இதனாலும் விளங்கும்.

உடையில் அவர் செய்தது யாது? பங்க் இளைஞர் கந்தலை எடுத்தனர். மாதங்கி 'மலிவை' எடுத்தார். நடைபாதைச் சந்தைகளிற் குவிந்து கிடக்கும் போலிப் பொருள்கள், கண்கூசும் நிறங்கள், ஒன்றோடொன்று பொருந்தாத பூவேலைகள், ஆபிரிக்க அச்சுத்துணிகள், பொன்முலாம் பூசிய சங்கிலிகள். குடியேறி வந்த ஏழைகளின் இரசனை என்று மேல்தட்டினர் மூக்கைச் சுளிக்கும் யாவற்றையும் அவர் மேடைக்கு ஏற்றினார். 2008இல் 'ஓக்லி ரன்' என்னும் பெயரில் இப்பாணியில் ஓர் உடைவரிசையையும் வெளியிட்டார். இரசனை என்பது வானத்திலிருந்து இறங்குவதன்று. அது வர்க்கத்தின் காவலாளி. 'நாட்டுப்புறத்துக் கலர்' என்று திருவிழாக் கடைத் துணியைப் பார்த்து நகைக்கும் நம் நகரத்து நடுத்தர வர்க்கம் இதனை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளது.

இத்தாலிய நிறுவனமாகிய வேர்சாச்சியோடு 2013இல் அவர் செய்த ஒப்பந்தம் இன்னும் கூர்மையானது. நிறுவனம் தன் பழைய வடிவங்களைப் பயன்படுத்துமாறு அழைத்தது. மாதங்கியோ, அந்நிறுவனத்தின் பெயரால் உலகெங்கும் தெருவோரங்களில் விற்கப்படும் போலிகளைத் திரட்டி, அவற்றைப் பார்த்து உடைகளை வரைந்தார். போலியை மூலமே போலிசெய்ய நேர்ந்தது! அதே ஆண்டில் வெளிவந்த இசைத்தொகுதிக்குத் தம் பெயரான 'மாதங்கி'யையே இட்டார். தந்திர மரபில் மாதங்கி எச்சிற் படையலை ஏற்கும் தெய்வம். மாதங்கர் என்பது தீண்டப்படாதோரைச் சுட்டிய சொல். எச்சமும் எச்சிலும் என்று தள்ளப்பட்டதை எடுத்து உடுத்தும் இக்கலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது. ஆனால் ஒரு வினா எஞ்சுகிறது. அவ்வுடைகள் ஈட்டிய பணம் எங்கே சென்றது? போலி தைத்தவனிடத்தும் நடைபாதையில் விற்றவனிடத்தும் அது செல்லவில்லை. அவர்கள் பொலிசாரைக் கண்டால் இன்னும் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடுகின்றனர்.

2015இன் முயற்சியே நம் நோக்கில் இவற்றுள் மிகச் சிறந்தது. எல்லைகளைப் பற்றிய அவருடைய காட்சிப்பாடலில் அகதிகள் முள்வேலி ஏறுகின்றனர். படகுகளில் நெருங்கி நிற்கின்றனர். அவர்களிடையே மாதங்கி பாரிஸ் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் சட்டையை அணிந்து தோன்றுகிறார். சட்டையில் இருக்க வேண்டிய விமான நிறுவன விளம்பரத்தில் ஒரு சொல்லை மாற்றி, கடற்கொள்ளையர் என்று பொருள்படச் செய்திருந்தார். கழகம் வெகுண்டு நட்டஈடு கோரிற்று. விமானத்திற் பறக்க இயலாதவனே படகில் ஏறுகிறான். படகில் வந்தவனைக் கொள்ளைக்காரன் என்கிறது உலகு. 2010இல் 492 தமிழரைச் சுமந்து 'சன் சீ' கப்பல் கனடாக் கரையை அடைந்தபோது அவர்களுக்கு வழங்கப்பட்ட பெயர்கள் நம் நினைவில் உள்ளன. ஒரு சட்டையின் நெஞ்சில் ஒரே ஒரு சொல்லை மாற்றி இத்தனையையும் சொல்ல முடிந்தமை கலையின் வெற்றியே.

எனினும் அவருடைய உருமறைப்பு வண்ணத் துணிகளையும் புலிப்படங்களையும் நாம் வேறு கண்கொண்டே பார்க்க வேண்டியவர்களாகின்றோம். இலண்டனிலும் நியூயோர்க்கிலும் அவை கோலம். இங்கே அவை சோதனைச்சாவடி. இரவில் வந்து நின்ற வாகனம். திரும்பி வராத பிள்ளை. அத்துணியை எத்தரப்பினர் உடுத்தியிருந்தனர் என்பதைப் பொறுத்து உயிர் நின்றதும் போனதும் உண்டு. நம் துயரை உலகம் திரும்பிப் பாராத நாளில் அவர் உரத்துப் பேசினார் என்பதற்காக நன்றி கூறலாம், கூறவும் வேண்டும். ஆனால் துயரின் அடையாளத்தைத் துயருற்றோரிடமிருந்து பிரித்து அச்சிடும்போது, அது எந்தக் கடையிலும் தொங்கத்தக்க வெறும் பூவேலையாகிவிடும் அபாயம் உண்டு.

3

மாதங்கியின் வாழ்வில் உடையைப் பற்றிய ஆழ்ந்த உண்மை அவர் வரைந்த எந்தச் சட்டையிலும் இல்லை. அது அவர் தாயாரின் விரல்களில் இருக்கிறது.

அகதியாக இலண்டன் சேர்ந்த அத்தாய்க்கு ஆங்கிலம் வாயாது. ஆங்கிலம் இன்றிச் செய்யக்கூடிய தொழிலாகக் கிடைத்தது தையல். பிரித்தானிய அரச விருதுப் பதக்கங்களுக்கான தையலை அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையால் தைத்து வந்தார். மகளுக்கு அத்தகைய விருதொன்று 2019இல் அறிவிக்கப்பட்டது. 2020 ஜனவரியில் அரண்மனையில் அதனைப் பெற்றார். தாயின் உழைப்பை மதித்தே அதனை ஏற்பதாக அவர் வெளிப்படையாகக் கூறினார்.

வெஸ்ற்வூட் பாவாடையைச் சுழற்றிய அதே விருதுமரபின் முன்னால் மாதங்கி செய்தது இதுதான். பேரரசின் பெயரைத் தாங்கிய ஒரு பதக்கத்தை ஏற்றது சரியா என்று வாதிடலாம். நாமும் அதை உவக்கவில்லை. ஆயின் பதக்கத்தை யார் அணிந்தார் என்று மட்டுமே கேட்டுப் பழகிய உலகுக்கு, அதை யார் தைத்தார் என்பதை அவர் ஒரு கணம் காட்டினார். அரண்மனையை அதிர்வித்த எக்கோலத்தினும் இக்கணம் கனமுடையது.

தைத்தவர் யார், நூற்றவர் யார் என்னும் வினா நமக்குப் புதியதன்று. 1924இற் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் வழிகாட்டலில், மேனாட்டு உடையைக் களைந்து கதரை ஏற்றது. 1927 நவம்பரில் காந்தியடிகளை இங்கு வரவழைத்ததும் அவ்வியக்கமே. கதர் அழகிற் குறைந்த துணி, முரடானது, சாயம் நில்லாதது. ஆனால் அணிபவன் ஒவ்வொரு நாளும் நூற்றவனை நினைக்கச் செய்த துணி. அவ்வாலிபர்களே பாடசாலைகளில் சாதி வேற்றுமையின்றிச் சம ஆசனம், சம போசனம் வேண்டும் என்றும் நின்றனர். கதர் உடுத்தியதும் வாங்கைப் பொதுவாக்கியதும் அவர்களுக்கு ஒரே செயலின் இரு முகங்கள். திருவிதாங்கூரில் 1822 முதல் 1859 வரை நடைபெற்ற தோள்சீலைப் போராட்டத்திலும் இதனையே காண்கின்றோம். அங்கே பெண்கள் கேட்டது புதிய கோலத்தையன்று, மனித நிலையை.

4

இவ்வளவுகோலை வைத்துப் பார்க்கையில், மாதங்கியின் பிற்காலச் செயல்கள் இரண்டு நம்மை வருத்துகின்றன.

2016 ஏப்ரல் 18 முதல் 24 வரை சுவீடன் நாட்டுப் பெருநிறுவனமாகிய எச் அன்ட் எம் ஒரு பழந்துணி திரட்டும் வாரத்தை நடத்தியது. ஆயிரம் தொன் துணி திரட்டுவதே இலக்கு. துணி கொடுத்தவர்களுக்கு மேலும் துணி வாங்கச் சலுகைச் சீட்டு. இவ்விழாவுக்குப் பாடியவர் மாதங்கி. அவ்வாரம் முடிந்த ஏப்ரல் 24 எத்தகைய நாள்? 2013இல் அந்நாளில்தான் பங்களாதேசத்தின் சவார் நகரில் ராணா பிளாசாக் கட்டடம் இடிந்து விழுந்தது. ஆடைத் தொழிலாளர் 1,134 பேர் மாண்டனர், பெரும்பாலானோர் பெண்கள். சுவர்களில் வெடிப்புக் கண்டும் மறுநாள் அவர்களை வேலைக்குள் அனுப்பினர். உலகெங்கும் நல்லோர் அவர்களை நினைவுகூரும் வாரத்தில், மலிவுத் துணியை மலையாகக் குவிக்கும் நிறுவனமொன்று தன் நற்பெயரைப் பாட்டாக்கிற்று. தையற்காரத் தாயின் மகள் அப்பாட்டைப் பாட நேர்ந்தது.

இரண்டாவது, 2024இல் 'ஓம்னி' என்னும் பெயரில் அவர் தொடங்கிய உடைவரிசை. கைத்தொலைபேசி அலைகளிலிருந்து உடலைக் காக்கும் உலோக இழைத் தொப்பிகளும் மேலாடைகளும் அதில் விற்பனைக்கு வந்தன. அன்றாடப் பயன்பாட்டு அளவிலுள்ள அவ்வலைகளுக்கு அஞ்சி உலோகத் தொப்பி அணிய வேண்டும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அரசுகளும் பெருநிறுவனங்களும் மக்களை வேவு பார்க்கின்றன என்று அவர் முன்னர் எச்சரித்தது மெய்யாயிற்று. அந்த மெய், ஆதாரமற்ற அச்சத்தை விற்பதற்கு உரிமைச்சீட்டு ஆகாது. கலகம் மக்களை ஒன்றுகூட்ட வேண்டும். இத்தொப்பியோ ஒவ்வொருவரையும் தனித்தனியே தன் தலையை மட்டும் மூடிக்கொள்ளச் சொல்கிறது.

இதனைத் தனிமனிதரின் வழுவாக மட்டும் காண்பது திறனாய்வாகாது. வெஸ்ற்வூட்டுக்கு நேர்ந்ததும் மாதங்கிக்கு நேர்ந்ததும் ஒன்றே. உடையை வெறும் குறியாகக் கொண்ட கலகம், குறி விலைபோகும் சந்தையில் தானும் விலைபோகும். உடையை உழைப்பாகக் கண்ட கலகம் அவ்வாறு எளிதில் விலைபோவதில்லை. 2011 மே மாதம் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில், தம் ஓய்வூதியப் பணத்துக்கு ஆபத்தென்று கண்ட ஆடைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தனர். பொலிசாரின் சூட்டில் ஓர் இளந்தொழிலாளி உயிரிழந்தார். அரசு சட்டமூலத்தைக் கைவிட நேர்ந்தது. உலகின் நாகரிக உடைகளைத் தைக்கும் அவர்கள் அன்று அணிந்திருந்தவை சாதாரண உடைகளே. எந்த நாகரிக இதழும் அவற்றைப் படம்பிடித்துப் போற்றவில்லை.

5

இது தொலைதூரத்துக் கதையன்று. 2009இன் பின் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. விடியுமுன் பேருந்துகள் ஊர் ஊராகச் சென்று இளம் பெண்களை ஏற்றிச் செல்கின்றன. போரிற் கணவரை இழந்தோரும், சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியோரும் அவர்களுள் உளர். நேற்று நம் வகுப்பில் வாங்கில் இருந்து இலக்கணம் படித்தவள் இன்று ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கிட்டுக் கைப்பட்டியும் கழுத்துப்பட்டியும் பொருத்துகிறாள். அவள் பொருத்திய சட்டை எந்த நகரத்தில் எவர் தோளில் ஏறும் என்பது அவளுக்குத் தெரியாது. அணிபவருக்கும் அவளைத் தெரியாது.

மறுபுறம், முழங்காலிற் கிழித்த காற்சட்டையோடு மாலை வகுப்புக்கு வரும் மாணவனைக் கண்டு பெரியோர் சினக்கின்றனர். சேலையின் நீளத்தையும் பின்னலின் ஒழுங்கையும் கொண்டே ஒழுக்கத்தை அளக்கும் பழக்கம் நம்மிடத்து இன்னும் போகவில்லை. கிழிசலைத் தைத்து மூடிவிட்டால் சமுதாயம் சீர்ப்படும் என்று எண்ணுவோருக்கும், கிழித்துவிட்டால் விடுதலை வந்துவிடும் என்று எண்ணுவோருக்கும் நாம் சொல்லக்கூடியது ஒன்றே: இருவரும் துணியையே பார்க்கின்றீர்கள், தைத்த கையைப் பாருங்கள். அம்மாணவனிடத்துச் சினப்பதை விடுத்து, அக்காற்சட்டையைத் தைத்தவளுக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று கணக்கிடச் சொல்லலாம். அது நல்ல பாடமாகும்.

மாதங்கியின் படைப்புகளை நம் இளைஞர் அறிய வேண்டும் என்பதே நம் துணிவு. தள்ளப்பட்டவற்றின் அழகையும், பெரியவர்களின் முகத்துக்கு நேரே பேசும் துணிச்சலையும், ஒரு சொல்லைப் புரட்டி உலகைப் புரட்டிக் காட்டும் நுட்பத்தையும் அவரிடம் கற்கலாம். அவற்றோடு அவர் எங்கே சறுக்கினார் என்பதையும் கற்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் இன ஒடுக்குமுறையை உலகறியச் செய்த அவர் உடைகளில், யாழ்ப்பாணத்துக்குள்ளேயே சட்டை மறுக்கப்பட்டவர்களின் கதையை நாம் காணவில்லை. அக்கதையை எழுதும் கடமை இலண்டனில் இருப்பவருக்கு உரியதன்று. இங்கிருக்கும் நமக்கு உரியது.

சட்டை அணிய உரிமை இல்லாதிருந்தவர்களின் பேத்திகள் இன்று உலகுக்கே சட்டை தைக்கின்றனர். பாட்டி சட்டைக்காக அடிபட்டாள். பேத்தி சட்டை தைத்தே தேய்கிறாள். இவ்விரண்டையும் ஒரே வரலாறாகக் கண்டு எழுதும் எழுத்தாளனும், அதனை உணர்ந்து வரையும் உடைக்கலைஞனும் நம்மிடையே தோன்றும் நாளில், கலக உடை என்னும் சொல்லுக்கு உரிய பொருள் கிடைக்கும்.